யார்றா பொறம்போக்கு?

உங்க ஹாஸ்டல்ல தமிழ்ப் பண்டிதர் யாராவது இருக்காங்களா பாஸ்? எங்க ஹாஸ்டல்ல அந்தப் பதவி எனக்குத்தான். இத்தனைக்கும் நான் மெக்கானிக்கல். ப்ளஸ் டூவோட தமிழுக்கு டாட்டா காட்டின ஆசாமி. ஆனா ராத்திரி 11 மணிக்கு மேல அசைன்மென்ட் காப்பி அடிக்கிற கோஷ்டிக்கு நடுவுல உட்கார்ந்து, எந்த வார்த்தையைக் கொடுத்தாலும் அது எங்கே பொறந்தது, எப்படி வளர்ந்ததுன்னு ஜாதகமே கணிச்சுக் கொடுத்துடுவேன்.

சாம்பிள் வேணுமா? காலேஜ்... வாழ்க்கையில கால்வாசி ஏஜைக் காவு வாங்குற இடம். பேராசிரியர்... பேர் மட்டும் ஆசிரியர். செமஸ்டர்... செம டர்! அரியர்... அரிதா வர்றதுக்குத்தானே இந்தப் பேர் பொருந்தும், எங்களுக்கு மட்டும் ஏன் வருஷத்துக்கு ரெண்டு தடவை வருது? அந்த ஆராய்ச்சி மட்டும் இன்னும் முடியலை.

பொறியியல்னு ஒரு வார்த்தை இருக்கே, அதுல நான் கை வைக்கவே தேவை இல்லை. பொறின்னா மெஷின். எலிப்பொறியில இருக்கிறதும் அதே பொறிதான். கோர்ஸ் பேரிலேயே எச்சரிக்கை போர்டு மாட்டி வெச்சிருக்காங்க. கவுன்சலிங் அவசரத்துல நாமதான் படிக்காம விட்டுட்டோம்!

சிரிக்காதீங்க, இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை. நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சௌத், இந்த நாலோட முதல் எழுத்துதான் 'நியூஸ்'னு உங்களுக்கும் ஸ்கூல்ல ஒரு சார் சொல்லியிருப்பார். நோட்ல எழுதியும் வெச்சிருப்பீங்க. உண்மை என்னன்னா, 'நியூ'ன்னா புதுசு. அதோட ஒரு 'எஸ்' சேர்ந்திருக்கு, அவ்வளவுதான். செமஸ்டரும் லத்தீன்லேர்ந்து வந்தது. அர்த்தம், ஆறு மாசம். நாமதான் அதைக் கடைசி ஆறு நாள்னு மொழிபெயர்த்துட்டோம்.

நாம விடற டூப்பை விட நிஜக் கதை பல சமயம் சூப்பரா இருக்கும். திட்டு வார்த்தைகளையே எடுத்துக்கோங்களேன். 'பேமானி'க்கு நான் கொடுத்த விளக்கம், 'பேய்க்கு மாமன் முறை ஆகறவன்'. நிஜத்துல 'பே'ங்கிறது பாரசீகம், இல்லாதன்னு அர்த்தம். 'ஈமான்' அரபி, நம்பிக்கை, நேர்மை. ரெண்டும் கைகோத்து உருது வழியா மெட்ராஸ் வந்து சேர்ந்திருக்கு. நேர்மை கெட்டவன்னு எவ்வளவு நாகரிகமா திட்டியிருக்காங்க பாருங்க! 'பேஜார்' கூட அதே உருது வண்டியில வந்து இறங்கினதுதான்.

'கஸ்மாலம்' கதை இன்னும் டாப். சம்ஸ்கிருதத்துல அழுக்கு, மனக்கலக்கம்னு அர்த்தம். பகவத் கீதை 2-ம் அத்தியாயம், 2-வது ஸ்லோகத்துலயே அந்த வார்த்தை இருக்கு. தளர்ந்து உட்கார்ந்த அர்ஜுனனைப் பார்த்து, இந்தக் கலக்கம் உனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கிருஷ்ணர் கேட்கிற இடம். அடுத்த தடவை ஆட்டோ அண்ணன் உங்களை 'கஸ்மாலம்'னு திட்டினா, கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டுக்கோங்க.

இப்படி ஜாலியா ஓடிக்கிட்டிருந்த என் ஆராய்ச்சி மணிமண்டபம் ஒருநாள் ராத்திரி இடிஞ்சுது. மெஸ் க்யூவுல நடுவுல புகுந்த ஒருத்தனை இன்னொருத்தன் 'பொறம்போக்கு'ன்னு திட்டிட்டு, "பண்டிதரே, இதுக்கு விளக்கம்?"னு கேட்டான். நான் கட்டில் மேல ஏறி நின்னேன். "புறம்னா வெளியே. போக்குன்னா போக்கத்தது. ஒண்ணுத்துக்கும் உதவாம, வீட்டுக்குள்ளயே சேர்க்காம, வெளியே போடான்னு துரத்தி விட்டவன்!"

செம கைதட்டல். எங்க ரூம்மேட் மட்டும் சிரிக்கலை. சிவில் டிபார்ட்மென்ட், அதனால நாங்க கூப்பிடற பேரும் 'சிவில்'தான். "ஏன்டா, காமெடி புரியலையா?"ன்னு கேட்டேன்.

"எங்க வீடு பொறம்போக்குலதான்டா இருக்கு"ன்னான்.

ஃபேன் ஓடற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

அப்புறம் அவனே வைவாவுல பதில் சொல்ற மாதிரி நிதானமா சொன்னான். "கிராமக் கணக்குல பட்டா நிலம்னா ஒரு ஆள் பேர் இருக்கும், வரி இருக்கும். வரி போடாம பொதுவுக்குன்னு தனியா ஒதுக்கினது புறம்போக்கு. ஏரி, குளம், வாய்க்கால், மாடு மேயற மேய்க்கால், வண்டிப்பாதை, சுடுகாடு எல்லாம் அதுல வரும். ஒருத்தருக்கும் சொந்தம் இல்லாதது இல்லைடா. ஊருக்கே சொந்தமானது."

அவன் தாத்தா கூலி வேலைக்கு வந்தப்போ ஏரிக்கரையைத் தவிர வேற எங்கயும் இடம் கிடைக்கலையாம். ரேஷன் கார்டு இருக்கு, கரன்ட் பில் இருக்கு, பட்டா மட்டும் இல்லை. ஆறாவது படிக்கும்போது ஒரு பையன் இவனைக் கிளாஸ்லயே அப்படிக் கூப்பிட்டிருக்கான். அட்ரஸ் தெரிஞ்சே கூப்பிட்டது.

"ஏரிக்குள்ள வீடு இருக்கக் கூடாதுன்னு சிவில் படிக்கிற எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு மழைக்கும் பயந்துக்கிட்டுத்தான் தூங்குறோம். ஆனா அதே ஏரியில காம்பவுண்டு போட்டு நிக்குற பெரிய கட்டடத்தை எவனும் பொறம்போக்குன்னு திட்டினதில்லைடா."

என்கிட்ட பதில் இல்லை. எண்ணூர் கழிமுகத்தைப் பத்தி 2017-ல வந்த 'பொறம்போக்கு' பாட்டை அன்னிக்கு அவன்தான் போட்டுக் காட்டினான். கபேர் வாசுகி எழுதி, டி.எம்.கிருஷ்ணா பாடினது. நாம திட்டா வெச்சிருக்கிற வார்த்தையை ஒருத்தர் கர்னாடக சங்கீத ராகத்துல பாடுறதைக் கேட்டு வாயடைச்சு உட்கார்ந்திருந்தேன்.

அதுக்கப்புறம் மத்த திட்டுகளையும் தோண்டிப் பார்த்தேன். 'சண்டாளா'ன்னு நம்ம பாட்டிங்க செல்லமாகூடக் கொஞ்சுவாங்க இல்லையா? அது ஒரு சாதியோட பேர். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகள் லிஸ்ட்ல இருக்கு. நம்ம ஊர்லேர்ந்து இங்கிலீஷுக்குக் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் மட்டும் கப்பல் ஏறலை. ஊர் ஒதுக்கி வெச்ச ஆளை அவங்க 'பரையா'ன்னு சொல்றாங்களே, அது பறையர்ங்கிற பேர்லேர்ந்து போனதுதான்.

இதுக்காக நாளையிலேர்ந்து ஹாஸ்டல்ல எல்லாரும் திருக்குறள்லயே திட்டிக்கணும்னு நான் சொல்ல வரலை. அது நடக்கவும் நடக்காது. நான் பண்றது ஒண்ணே ஒண்ணுதான் பாஸ். வாய் வரைக்கும் வந்த வார்த்தை யாரோட வீட்டு அட்ரஸ்னு ஒரு செகண்ட் யோசிக்கிறேன். நீங்களும் ட்ரை பண்ணிப் பாருங்க. பேமானி, கஸ்மாலம் எல்லாம் எப்பவும் போல ஸ்டாக்ல இருக்கு. ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

போன வாரம் மெஸ்ல கடைசி அப்பளத்தை நான் சுட்டுட்டேன். பின்னாடி நின்னவன் கடுப்புல என்னைப் பொறம்போக்குன்னு திட்டினான். பக்கத்துல சாப்பிட்டுக்கிட்டிருந்த சிவில் நிமிர்ந்துகூடப் பார்க்காம சொன்னான்...

"சேச்சே, அவன் பட்டா நிலம்டா. ஊருக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது!"