பின் சக்கரம் போகும் வழி

ஹாலிஎல சந்தியில் கொஞ்ச நேரம் நின்றால் இரண்டு பக்கத்து லொறிகளையும் பார்த்துவிடலாம். வெலிமடைப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றி வருபவை ஒரு ரோட்டில். பெரகலையில் தொடங்கி ஹப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை என்று சுற்றிச் சுற்றி வருபவை இன்னொன்றில். இரண்டும் இங்கே சேர்ந்து பதுளைக்கு இறங்குகின்றன. எந்த ரோட்டிலும் நேராக ஓடும் துண்டு கொஞ்சம்தான். நான் லைசன்ஸ் எடுத்தது சமதரையில். லொறி ஓட்டப் படித்தது இந்த முடக்குகளில்.

முதல் மாதமே பிழை விட்டேன். தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன் மடுவத்தில் கொழுந்து ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்கு இறங்கும் வழி. மலைமூக்கைச் சுற்றி இடப்பக்கம் மடங்கும் இறுக்கமான முடக்கு. முன் சக்கரம் சுத்தமாகத் திரும்பிவிட்டது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பின்னால் ஒரு இடி. இடது பின் சக்கரம் கானுக்குள் இறங்கி, லொறி மலைப்பக்கம் சாய்ந்து நின்றது.

சாக்குக்குள் அடைந்த கொழுந்து நேரம் போகப் போகச் சூடேறிச் சிவந்துவிடும். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்தக் கொழுந்தைக் காலை முழுக்கக் கிள்ளிய அக்காமாரே வந்து, ஒரு வார்த்தை ஏசாமல், மூட்டை மூட்டையாக இறக்கித் தந்தார்கள். அவர்கள் ஏசியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த நாள் டிரைவர் மாமா என்னை அதே முடக்குக்குக் கூட்டிப்போனார். இரவு மழை பெய்திருந்தது. லொறியைச் செம்மண்ணில் மிதிக்கவிட்டு, முடக்கில் மெதுவாக ஓட்டச் சொன்னார். பிறகு இறங்கிப் பார்க்கச் சொன்னார். கொங்கிரீட்டில் சிவப்பாக இரண்டு தடம் விழுந்திருந்தது. முன் சக்கரத்தின் தடம் வெளியே வளைந்து போனது. பின் சக்கரத்தின் தடம் அதை விட்டுப் பிரிந்து, உள்ளே, கான் விளிம்பை உரசிக்கொண்டு போயிருந்தது. மாமா குந்தி உட்கார்ந்து கையால் அளந்தார். நடு முடக்கில் மூன்று முழம் இடைவெளி.

"முன்னுக்கு நீ ஓட்டிட்ட. பின்னுக்கு யாரு ஓட்டுறது?" என்றார்.

நீள லொறி எதுவானாலும் இப்படித்தான். ஸ்டியரிங்குக்குக் கட்டுப்பட்டது முன் சக்கரம் மட்டும். பின் சக்கரம் அதன் பின்னால் இழுபட்டுக் குறுக்குவழியில் வரும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடக் கூடக் குறுக்குவழியும் கூடும். அதனால் இடப்பக்க முடக்கில் உடனே ஒடிக்கக் கூடாது. எதிரே ஆள் இல்லை என்று தெரிந்தபின் வலப்பக்கம் அகன்று போய், மூக்கு முடக்கைத் தாண்டும் வரை பொறுத்து, அப்புறம்தான் ஒடிக்க வேண்டும். கண் இடது கண்ணாடியில் இருக்க வேண்டும். வலப்பக்க முடக்கு லேசாகத் தெரியும். ஆனால் அங்கேதான் உள்ளே வெட்டிப்போகும் ஆசை வரும், எதிரே பஸ்ஸும் வரும்.

இறக்கத்தில் இன்னொன்று. கியரை முடக்குக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். முடக்குக்குள் போனபின் பிரேக்கை நம்பினால், நாலாவது முடக்கில் கருகல் வாசம் அடிக்கும், மிதி பிடிக்காது. ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவன் வழி விட வேண்டும் என்பதும் மாமா சொல்லித்தான் தெரியும். பாரத்தோடு ஏற்றத்தில் நின்ற லொறியை மறுபடி கிளப்பிப் பார்த்தவனுக்கு அதன் நியாயம் புரியும்.

இந்த மலையில் ரயிலுக்கும் இதே கஷ்டம். 1924இல் பதுளையைத் தொட்ட பாதை, தெமோதரையில் ஒரு வட்டம் சுற்றி, தன் ஸ்டேஷனுக்கே அடியில் சுரங்கத்தால் நுழைந்து வெளியே வருகிறது. அவ்வளவு இறக்கத்தை நேராக இறங்க ரயிலால் முடியாது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் அந்த யோசனை பிறந்தது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. நிசமோ இல்லையோ, அதைச் சொல்லும்போது எங்கள் கிழவர்களின் குரல் நிமிர்ந்துவிடும். எனக்கு அந்தக் கதை பிடிக்கும். தோட்ட ரோடுகளை மண்வெட்டியாலும் அலவாங்காலும் மலையின் வளைவுக்கு ஏற்றபடி வெட்டியவர்கள் எங்கள் ஆட்கள். மாட்டு வண்டிக்கு வெட்டிய அகலத்தில் இன்று நான் லொறியைத் திருப்புகிறேன். ஆளுக்குப் பார்க்காவிட்டாலும், ஏற்றுகிற கொழுந்துக்காவது இந்த ரோடுகளை ஒழுங்காகப் பார்க்கலாம். கான் உடைந்து, கொங்கிரீட் ஓரம் அரித்துப்போன முடக்கில் அந்த மூன்று முழத்துக்கு எங்கே போவது?

போன கார்த்திகையில், மழை விட்ட ஒரு காலை, புதிதாக வந்த தம்பி ஒருவனை அந்த முடக்குக்குக் கூட்டிப்போனேன். செம்மண்ணில் மிதித்துவிட்டு ஓட்டச் சொன்னேன். திரும்பி முடித்ததும் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தவன், தடத்தைப் பார்த்ததும் பேச்சில்லாமல் நின்றான். அப்புறம் அவனாகவே குந்தி, முழங்கையைக் கொங்கிரீட்டில் வைத்து அளக்கத் தொடங்கினான்.

"அண்ணே, மூணுக்கு மேல வருதே."

"ஓ. உன் லொறி நீளம் கூட. ஏறு, இன்னொருக்கா போ."