மரத்தில் கட்டிய கப்பல்

கடலில் நிற்கும் கப்பலைக் கரையிலிருக்கும் பைன் மரத்தில் கட்டுவார்கள் என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கவே மாட்டேன். துருக்கியின் தென்மேற்கில், ஃபெத்தியே துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட அன்று மாலையே அதைக் கண்ணால் பார்த்தேன். முன்பக்கம் நங்கூரம் இறங்கியது. ஒரு பையன் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகக் குதித்தான். நீந்திப் போய், தொழுவத்தில் மாட்டைக் கட்டுவதுபோல மரத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு வந்தான். மத்தியதரைக் கடலில் நீர்மட்டம் ஏறி இறங்குவது மிகக் குறைவு. அதனால் விடியும்வரை கவலையில்லை. கரையிலிருந்து பைன் பிசின் வாசம் வந்துகொண்டே இருந்தது. நாகப்பட்டினத்துக்காரியான எனக்கு அலைச்சத்தமே இல்லாத கடலில் தூக்கம் எப்படி வரும்? மேல்தளத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, குளிர்காற்றில் நட்சத்திரங்களைப் பார்த்தபடி நானும் கணவரும் வெகுநேரம் விழித்திருந்தோம்.

இந்த வகைப் படகின் பெயர் ‘குலெத்’. மரத்தால் ஆன உடல், இரண்டு பாய்மரங்கள், அகன்ற பின்தளம். 1925-இல் போத்ரும் என்ற கடலோர ஊருக்குத் தண்டனையாக அனுப்பப்பட்ட எழுத்தாளர் ஜெவாத் ஷாகிர், பின்னாளில் கடற்பஞ்சு எடுப்பவர்களின் படகுகளில் நண்பர்களை ஏற்றிக்கொண்டு இந்தக் கரைகளைச் சுற்றினார். ‘நீலப் பயணம்’ என்று துருக்கியர் சொல்லும் வழக்கம் அப்படித்தான் வேரூன்றியது. தண்டனைக்கு அனுப்பிய இடத்தின் மேலேயே இத்தனை ஆசையா! ஆலிவ், வெள்ளைப் பாலாடைக்கட்டி, தக்காளி, தேன் என்று காலை உணவு முடிந்து, கேப்டன் எஞ்சினை நிறுத்திப் பாயை ஏற்றியபோது எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது.

எங்கள் கரையில் மணலும் சவுக்கும்தான். இங்கோ மலை நேரே கடலில் வந்து இறங்குகிறது. ஓலுதெனிஸ் அருகே பாபாதா மலை 1,969 மீட்டர்; அதன் உச்சியிலிருந்து குதித்தவர்கள் வண்ணக் குடைகளில் தொங்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேல் மிதந்தார்கள். காஷ் ஊருக்கு எதிரே ஒரு தீவு. “அது கிரீஸ்மா!” என்றார் கணவர். துருக்கிக் கரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டரில் இன்னொரு நாடு!

என்னை அப்படியே நிறுத்தி வைத்தது கெக்கோவா தீவு. பண்டைக் காலத்தில் இந்தக் கரையில் வாழ்ந்த லிசியர்களின் ஊர் ஒன்று, 2-ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் தாழ்ந்துபோய் அங்கே கிடக்கிறது. பாறையில் வெட்டிய படிக்கட்டு இறங்கி இறங்கித் தண்ணீருக்குள் போகிறது. வீட்டுச் சுவர்களின் அடி பச்சை நீரில் தெரிகிறது. பூம்புகாரைக் கடல் கொண்டதைப் பள்ளியில் படித்தவள்தான் நான். ஆனால் கடல் கொண்ட வீட்டின் வாசற்படியை நேரில் பார்த்தபோது பேச்சே வரவில்லை. இந்த இடிபாடுகளின் மேல் நீந்தத் தடை இருக்கிறது. மிகச் சரியான தடை.

எதிர்க்கரையில் கலேகோய். சாலையே இல்லாத கிராமம். படகில் வரலாம், இல்லையென்றால் நடந்து வரலாம். ஆழமில்லாத தண்ணீரில் லிசியக் கல்லறைப் பெட்டி ஒன்று தனியாக நிற்கிறது. மேலே கோட்டைக்குள், பாறையைக் குடைந்த ஏழே வரிசைச் சின்னஞ்சிறு அரங்கம். லிசியர்கள் தாயின் பெயராலேயே தங்களைச் சொல்லிக்கொண்டார்கள் என்று பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். “அப்போ இந்த ஊர்ல உன் பேச்சுதான் எடுபட்டிருக்கும்” என்றார் இவர். “எங்கதாங்க எடுபடல?” என்று கேட்டுவிட்டு, கிராமத்துப் பெண் நீட்டிய வீட்டுத் தயாரிப்பு ஐஸ்கிரீமை வாங்கிக்கொண்டேன்.

இந்தக் கரையோரமாக நல்ல நெடுஞ்சாலை ஓடுகிறது; காரில் விரைந்து போகிறவர்கள் ஏராளம். என்னைக் கேட்டால், லிசியக் கரையைக் கடலிலிருந்துதான் பார்க்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். மே அல்லது செப்டம்பரில் போங்கள். முழுப் படகையும் அமர்த்த வேண்டியதில்லை. ஃபெத்தியேயிலிருந்து கிழக்கே போகும் குலெத்களில் இருவருக்கான ஓர் அறை மட்டும் தனியாகவே கிடைக்கும்.