கை எட்டுகிற இடத்தில்

இரவு ஒன்பதே கால். திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவளுடைய இடது தோளில் வழக்கமான பை. உள்ளே காலி டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை, சார்ஜர், பர்ஸ். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெப்பர் ஸ்பிரே.

அவளுக்கு வயது 24. விழுப்புரத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் பாசஞ்சர் ரயில், இரவில் பஸ். அந்த 40 கிலோமீட்டர் அவளுக்குப் பழகிப்போன தூரம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி சுங்கச்சாவடி, கூட்டேரிப்பட்டு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். பயம் எல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு வீடு வரை நடக்கிற பத்து நிமிடத்தில்தான்.

அன்றைக்கு ஒரு பைக் அவளைக் கடந்து போனது. கொஞ்ச தூரத்தில் திரும்பி வந்தது. மறுபடியும் பின்னாலிருந்து மெதுவாக வந்து பக்கத்தில் நின்றது. "தனியா போறியே, வுட்டுட்டுப் போகட்டுமா?"

அவள் பதில் சொல்லவில்லை. கையைப் பைக்குள் விட்டாள். டிபன் பாக்ஸின் மூடி தட்டுப்பட்டது. குடையின் பிடி தட்டுப்பட்டது. சார்ஜர் ஒயர் விரலில் சுற்றிக்கொண்டது. தேடியது மட்டும் கிடைக்கவில்லை.

முனையில் ஒரு பரோட்டா கடையின் வெளிச்சம். "அண்ணே!" என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். தோசைத் திருப்பியும் கையுமாகக் கடைக்காரர் வெளியே வந்தார். "இன்னா பாப்பா?"

பைக் போய்விட்டது. கடைக்காரர் தன் கடைப் பையனை வீட்டு வாசல் வரை துணைக்கு அனுப்பினார். கதவைத் திறந்த அம்மா கேட்டார், "ஏன் லேட்டு?"

"பஸ்ஸு லேட்டும்மா."

உண்மையைச் சொன்னால் அம்மாவின் பதில் என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். "அந்த வேலையே வேணாம், வுட்டுடு."

பதினான்கு நொடி

அந்த ஸ்பிரேயை அவள் வாங்கியது 2025 பிப்ரவரியில். கோவையிலிருந்து திருப்பதி சென்ற ரயிலின் பெண்கள் பெட்டியில் தனியாக இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணை, வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் அருகே ஒருவன் கீழே தள்ளிவிட்ட செய்தி வந்த வாரம் அது. வேலை செய்யும் இடத்தில் எல்லாருக்கும் அதே பேச்சு. மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொன்று வாங்கினார்கள். வாங்கியதும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியிலேயே அது பைக்கு அடியில் போய்விட்டது.

பைக் சம்பவத்துக்கு மறுநாள் காலை, மயிலம் தாண்டி ரயிலில் கூட்டம் குறைந்தபோது அவள் ஒரு சோதனை செய்து பார்த்தாள். போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு, பைக்குள் கையை விட்டு ஸ்பிரேயை வெளியே எடுத்தாள். பதினான்கு நொடி. அதுவும் வெளிச்சத்தில், உட்கார்ந்துகொண்டு, கை நடுங்காமல்.

கைக்கு அகப்படாத பொருள் இருந்தும் இல்லாததுதான். எதை வாங்குவது என்று ஒரு வாரம் யோசித்தவள், அதை எங்கே வைத்துக்கொள்வது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

ஆயாவின் ஊக்கு

அவளுடைய ஆயாவுக்கு இந்தப் பிரச்னையே இல்லை. கரும்புத் தோட்டத்து வேலைக்குப் போனபோது கருக்கரிவாள் இடுப்பில் இருக்கும். சந்தைக்குப் போகும்போது சுருக்குப்பையும் அதே இடுப்பில். பஸ்ஸில் போகும்போது? ரவிக்கையிலோ, தாலிக்கயிற்றிலோ, வளையலிலோ கோத்த ஊக்கு. கூட்டத்தில் உரசுகிறவனுக்கு ஒரே குத்து. யார் குத்தியது என்றுகூடத் தெரியாது.

நம் ஊரில் மட்டும் இல்லை. நூறு வருடத்துக்கு முன்பு அமெரிக்காவில் பெண்கள் தொப்பியில் செருகும் நீண்ட ஊசியையே தொல்லை கொடுப்பவர்கள் மேல் பயன்படுத்தினார்கள். 1910-ல் சிகாகோ நகர மன்றம் அந்த ஊசியின் நீளத்துக்கே கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ஊக்கின் பலம் அதன் கூர்மை மட்டும் இல்லை. அது எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். கை பார்க்காமலே அங்கே போகும். ஆயா காலத்து உடையில் இடுப்பு என்று ஓர் இடம் இருந்தது. பேத்தியின் குர்தியில் பாக்கெட்டே இல்லை.

எங்கே வைப்பது?

அடுத்த பத்து நாட்கள் அவள் ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்தாள்.

பையின் வெளி ஜிப்: அடியில் கிடப்பதைவிட எவ்வளவோ மேல். நான்கு நொடியில் கைக்கு வந்தது. ஆனால், பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் ஸ்பிரேயும் சேர்ந்து போய்விடும்.

சாவிக்கொத்து: வீட்டுக்கு நடக்கும்போது சாவியைக் கையில் வைத்துக்கொள்கிறவர்களுக்குச் சரி. ஆனால், பஸ்ஸில் இருக்கும்வரை சாவி பைக்குள்தான் இருக்கும். இறங்கும் முன்பே எடுக்க வேண்டும். பட்டனுக்கு லாக் இல்லாத வகை என்றால் பைக்குள்ளேயே அழுந்தி, பீய்ச்சிவிடும்.

கழுத்தில் ஐடி கார்டு கயிற்றோடு: உடனே எடுக்கலாம். ஆனால், கயிறு கழுத்தில் இருக்கிறது. எதிரில் இருப்பவன் அதைப் பிடித்து இழுத்தால் நம் ஆயுதமே நமக்குச் சுருக்கு. இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் கொக்கி வைத்த கயிறுதான் இதற்குச் சரிப்படும்.

இடுப்பு பெல்ட்டில் உறை: காவலர்கள் லத்தியையும் துப்பாக்கியையும் வைத்துக்கொள்கிற முறை. எப்போதும் ஒரே இடம், ஒரே கோணம். பேன்ட் சட்டைக்குக் கச்சிதம். குர்திக்கு உள்ளே கட்டினால் துணியைத் தூக்க வேண்டும். வெளியே கட்டினால் துப்பட்டா மாட்டிக்கொள்ளும். போதாததற்கு, ரயிலில் இரண்டு பேர் "போலீஸா நீங்க?" என்று கேட்டார்கள்.

கையிலேயே வைத்துக்கொள்வது: நடக்கிற அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும், துப்பட்டா நுனிக்குள் மறைத்து. இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால், அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அவளுடைய வலது கை காலியாகவே இல்லை. அதில் எப்போதும் போன்.

போன் இடது கைக்கு மாறியது. இரண்டு நாள் சங்கடமாக இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது.

வேலை செய்யும் இடத்து அக்கா ஒருவர் தன்னுடையதை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். அது கூடவே கூடாது. அழுத்தத்தில் அடைத்த டப்பா அது. 50 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது என்று இப்படிப்பட்ட டப்பாக்களின் மேல் எழுதியிருக்கும். விழுப்புரத்து மே மாத வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டி எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காற்று எந்தப் பக்கம்?

பெப்பர் ஸ்பிரே என்று பெயர் இருந்தாலும் அதில் இருப்பது மிளகு இல்லை. மிளகாயின் காரச் சத்து. முகத்தில் பட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும், இருமல் வரும், மூச்சு திணறும். அரை மணி நேரத்துக்கு மேலும் எரிச்சல் இருக்கலாம். சிறிய டப்பாக்கள் சில அடி தூரம்தான் பாயும். எதிர்க்காற்றில் அடித்தால் அடித்தவர் கண்ணுக்கே திரும்பி வரும். காலாவதித் தேதியும் உண்டு. அது தாண்டினால் அழுத்தம் குறைந்திருக்கலாம்.

மூடிய இடத்தில் அடித்தால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்திருக்கிறது. 2014 பிப்ரவரி 13 அன்று, தெலங்கானா மசோதா வந்தபோது, மக்களவைக்குள் எம்.பி. லகடபாடி ராஜகோபால் பெப்பர் ஸ்பிரேயை அடித்தார். சம்பந்தமே இல்லாத உறுப்பினர்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள். சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

அவ்வளவு பெரிய மண்டபத்திலேயே அந்தக் கதி என்றால், ஓடுகிற பஸ்ஸில்? கைக்குழந்தைக்குப் படும். டிரைவர் கண்ணிலும் படும். பஸ்ஸுக்குள் ஆயாவின் ஊக்கும் உரத்த குரலும்தான் சரி. ஸ்பிரே தெருவுக்கு மட்டும் என்று அவள் முடிவு செய்தாள். அடித்துவிட்டு அங்கேயே நின்று பார்க்கவும் கூடாது. அது ஓடுவதற்குக் கிடைக்கும் நேரம். சண்டை போடுவதற்கு இல்லை.

சட்டம் கை கொடுக்குமா?

பெப்பர் ஸ்பிரேவுக்கு இந்தியாவில் லைசென்ஸ் வேண்டாம். விமானத்தில் கைப்பையில் எடுத்துப் போகத்தான் முடியாது. கத்தி வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு தோழி கேட்டாள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள், வீட்டுக்கும் விவசாயத்துக்குமான கருவிகள் நீங்கலாக, ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. சட்டத்தை விடுங்கள், பயிற்சி இல்லாத கையில் இருக்கும் கத்தியை எதிராளி பிடுங்கிவிட்டால், அதன் பிறகு அது அவனுடைய கத்தி.

தற்காப்பு உரிமை எல்லாருக்கும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைப் பற்றியவை. ஆனால், காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்கிறது 37-வது பிரிவு. பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு போன்ற தாக்குதல் என்றால் உரிமை இன்னும் விரிவடைகிறது. தாக்கியவன் உயிரிழந்தாலும் தற்காப்பாகக் கருத 38-வது பிரிவு இடம் தருகிறது. கேலி பேசியவன் மேல் கோபத்தில் அடிப்பது தற்காப்பு ஆகாது.

விழுப்புரத்தில் வேலை செய்யும் அவளுக்கு இன்னொரு வழக்கும் நினைவுக்கு வந்தது. 2021 பிப்ரவரியில், ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, தன் மேலதிகாரியான சிறப்பு டி.ஜி.பி. மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார். சம்பவம் நடந்தது பணியின்போது, காருக்குள். அந்த மேலதிகாரிக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது விழுப்புரம் நீதிமன்றம்தான், 2023 ஜூன் 16 அன்று. ஆயுதப் பயிற்சி பெற்ற அதிகாரி அவர். அவருக்கு அன்று துணை நின்றது பயிற்சி இல்லை, வாய் திறந்து சொன்னதுதான்.

இதை யோசித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. பாக்கெட், பெல்ட், கயிறு என்று பத்து நாளாக எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தவள், நடந்ததை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

அம்மாவின் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா தையல் மெஷினில் யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொன்னாள். பைக், கேட்ட கேள்வி, பைக்குள் தேடிய கை, பரோட்டா கடை அண்ணன், எல்லாவற்றையும்.

மெஷின் நின்றது. அவள் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். 'வுட்டுடு.'

அம்மா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டார், "இத்தினி நாளு ஏன் சொல்லல?"

"வேலைய வுடச் சொல்லுவியேன்னுதாம்மா."

அம்மா ரவிக்கையை எடுத்து ஓரமாக வைத்தார். "அந்த நீலக் குர்தியைக் கொண்டா. பாக்கெட்டு எந்தப் பக்கம் வேணும்?"

வலது பக்கம், தொங்கவிட்ட கை தானாக நுழைகிற உயரத்தில், ஓரத் தையலோடு சேர்த்து ஒரு பாக்கெட். டப்பா குப்புற விழாமல் இருக்க உள்ளே குறுக்கே ஒரு தையல். வாய்ப்பக்கம் ஜிப் இல்லை, சின்ன வெல்க்ரோ மட்டும். தைத்து முடித்ததும் அம்மாவே சோதனை வைத்தார்.

"கண்ண மூடிக்கினு எடு, பாக்கலாம்."

இரண்டு நொடி.

"இன்னொரு தபா."

அன்று சாயங்காலம் பத்து தபாவுக்கு மேல் எடுத்தாள். ஐந்து குர்திகளில் ஐந்து பாக்கெட்டுகள் வந்தன, எல்லாம் ஒரே பக்கம், ஒரே உயரம். இடம் மாறினால் கை குழம்பிவிடும். போனில் காவல் உதவி செயலி ஏறியது. 112, பெண்களுக்கான 181, ரயிலுக்கான 139 ஆகிய எண்களும் பதிவாயின. அவசர அழைப்புக்குத் தன் போனில் எந்தப் பட்டனை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று பார்த்து வைத்தாள். அது போனுக்குப் போன் மாறுகிறது. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால். பரோட்டா கடை அண்ணனுக்கு அம்மாவே நேரில் போய் நன்றி சொல்லிவிட்டு, அவருடைய நம்பரையும் வாங்கி வந்தார்.

ஸ்பிரேயை அவள் இதுவரை ஒரு தடவைகூட யார் மேலும் அடிக்கவில்லை. அடிக்கவே வேண்டாம் என்பதுதான் அவளுடைய வேண்டுதலும். ஆனால், இரவு ஒன்பதே காலுக்குத் திண்டிவனத்தில் இறங்கும்போது, வலது கை காலியாக இருக்கிறது. அது எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

போன வாரம், காலை ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் அவளுடைய குர்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். விக்கிரவாண்டி வந்ததும் கேட்டேவிட்டார்.

"இந்தப் பாக்கெட்டு எங்கம்மா தெச்ச? எம் பொண்ணுக்கும் ஒண்ணு வேணும்."