வெள்ளியங்கிரி கிளம்புறீங்களா? திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவு பண்ணிடுங்க!

"இந்த சீசனுக்கு என்னை வெள்ளியங்கிரி கூட்டிட்டுப் போடா." ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லிக்கு நடுவில் அப்பா கேட்டார். வயது 56. ஆறு வருடமாக சர்க்கரைக்கு மாத்திரை. 24 வயதில் நண்பர்களோடு ஒரே ராத்திரியில் ஏறி இறங்கிய கதையை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பகீரென்றது. காரணம் இருக்கிறது. டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து செய்தி போடுகிறவன் நான். 2024 சீசனில் வெள்ளியங்கிரி மலையேறிய பக்தர்கள் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். இதயநோய், மூச்சுத்திணறல் போன்ற பிரச்னை உள்ளவர்கள் மலையேற வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக்கொண்டது. அந்தச் செய்திகளில் சிலவற்றுக்குத் தலைப்பு வைத்தவனே நான்தான்.

"டாக்டர் ஓகே சொன்னா போலாம்ப்பா" என்றேன். டாக்டர் வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். டிரெட்மில் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, "மெதுவா போங்க, வெறும் வயித்துல மாத்திரை போட்டுட்டு ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்ன, அப்பா அன்றைக்கே மூங்கில் தடி கணக்காக நிமிர்ந்துவிட்டார்.

போகாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். கோவைக்கு மேற்கே, போளுவாம்பட்டி வனச்சரகத்துக்குள் இருக்கிறது வெள்ளியங்கிரி. தென்கயிலாயம் என்பார்கள். காந்திபுரத்திலிருந்து பூண்டிக்கு பஸ் இருக்கிறது. பூண்டி கோயில்தான் அடிவாரம். அங்கிருந்து ஏழு மலை ஏறி இறங்கினால், சுமார் 6,000 அடி உயரத்தில், குகைக்குள் சுயம்புலிங்கம். ஒரு வழி தூரம் 6 கிலோமீட்டருக்குள்தான். "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்த 6 கிலோமீட்டரில் பாதி, படிக்கட்டு என்ற பெயரில் கிடக்கும் பாறை. பிப்ரவரி முதல் மே வரைதான் வழக்கமாக அனுமதி. சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி சமயத்தில் கூட்டம் நெருக்கும். நாங்கள் சிவராத்திரி கழிந்து, வெயில் ஏறுவதற்கு முன்பாக, ஒரு வாரநாளைத் தேர்ந்தெடுத்தோம்.

நாலு வாரம் பயிற்சி. மருதமலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, படி ஏறி இறங்குவது. முதல் வாரம் மூன்று இடத்தில் உட்கார்ந்த அப்பா, நாலாவது வாரம் ஒரு இடத்தில் உட்கார்ந்தார். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அதை நான் கவனித்தேன். அவர் கவனிக்காத மாதிரி இருந்தார்.

பையை அடுக்கியது அக்கா. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், எலுமிச்சை சாதம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், குளுக்கோஸ், டார்ச், குளிருக்கு ஒரு ஸ்வெட்டர். எங்கள் வீட்டில் நன்றாக நடக்கிறவள் அவள்தான். ஆனால், பெண்களுக்கு வயதை வைத்துக் கட்டுப்பாடு சொல்லும் வழக்கம் இந்த மலையில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவளுக்குச் சுத்தமாக இல்லை. பேசாமல் பையை அடுக்கினாள். தின்பண்டங்களைக் காகிதப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்ததும் அவள்தான். அடிவாரத்தில் பைகளைச் சோதித்து பிளாஸ்டிக் கவர்களை எடுத்துவிடுவார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்குவார்கள். திரும்பி வந்து பாட்டிலைக் காட்டினால் பணம் கிடைக்கும்.

கிளம்பும் முந்தைய நாள் ராத்திரி, நான் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

எல்லோரும் 'உச்சிக்கு எத்தனை மணி நேரம்?' என்றுதான் கேட்கிறார்கள். வெள்ளியங்கிரியில் அந்தக் கேள்வி ஏமாற்றிவிடும். ஐந்தாவது மலை வரை பெரும்பாலும் ஏற்றம். ஆறாவது மலையில் பாதை கீழே இறங்கி ஆண்டி சுனைக்குப் போகிறது. அங்கிருந்துதான் ஏழாவது மலையின் செங்குத்தான ஏற்றம். அதாவது, சாமி கும்பிட்டுத் திரும்பும்போது, கால் ஓய்ந்துபோன நேரத்தில், ஆறாவது மலையில் இறங்கியதையெல்லாம் மறுபடி ஏற வேண்டும். ஐந்தாவது மலை முடிவில் நின்றால் உச்சி பக்கத்தில் இருக்கிற மாதிரி தெரியும். அப்பா வேகத்துக்கு, அங்கிருந்து போய்த் திரும்பி அதே இடத்துக்கு வர 3 மணி நேரம். பிறகு அடிவாரத்துக்கு 5 மணி நேரம். யானைகள் நடமாடும் காடு. முதல் மலைப் படியில் இருட்டில் இறங்கக் கூடாது. அப்படியென்றால், காலை 9.30-க்குள் ஐந்தாவது மலையைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை என்றால் திரும்பிவிட வேண்டும்.

"சரி" என்றார் அப்பா. பேப்பரை சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதிகாலை 3.30-க்கு ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தோம். முதல் மலைதான் பலரைத் திருப்பி அனுப்பும். மூச்சு வாங்க வைக்கும் கல்படிகள், முடியவே முடியாது. வெள்ளை விநாயகர் கோயிலை அடைந்தபோது 5 மணி தாண்டிவிட்டது. அப்பா ஒரு சுக்கு காபி குடித்துவிட்டு, "அந்தக் காலத்துல இங்க உட்காரவே இல்லைடா" என்றார்.

இரண்டாவது மலையில் பாம்பாட்டி சுனையில் முகம் கழுவும்போது விடிந்தது. வழுக்குப்பாறையில் வெட்டியிருக்கும் படிகளில் அப்பா எனக்குக் கை கொடுத்தார், நான் அவருக்கு அல்ல. மூன்றாவது மலையில் கைதட்டி சுனை. அங்கே சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, அப்புறம் மாத்திரை. நாலாவது மலையில் மரங்கள் குறைந்து புல்வெளி வந்தது. காற்று ஆளைத் தள்ளியது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார். பேச்சு குறைந்தது. பத்து அடிக்கு ஒருமுறை நின்றார், ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஐந்தாவது மலை முடிவுக்கு வந்தபோது மணி 10.10.

எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஏழாவது மலை. எறும்பு வரிசை மாதிரி ஆட்கள் ஏறுவது தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

"40 நிமிஷம்தானே லேட்டு?" என்றார்.

"ஆமாப்பா."

"எனக்கு ஒண்ணுமே பண்ணலைடா. மூச்சு நல்லா இருக்கு. பாரு."

உண்மைதான். அவருக்கு ஒன்றுமே இல்லை. மயக்கமோ நெஞ்சு வலியோ வந்திருந்தால் முடிவு சுலபம். நன்றாக இருக்கிற மனிதரை, 30 வருடத்துக்கு மேல் காத்திருந்தவரை, சாமி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிறுத்தித் திரும்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'போலாம்ப்பா' என்று சொல்லத்தான் நாக்கு தயாராக இருந்தது. "பேப்பரை எடுங்கப்பா" என்றேன்.

எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பாறையில் உட்கார்ந்து எதிர்மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன ஒரு கல்லூரிப் பையனைக் கூப்பிட்டு, மடியில் வைத்திருந்த வில்வ இலைப் பொட்டலத்தைக் கொடுத்தார். "தம்பி, இதை மேல சாத்திடுறியா?" "சரிங்க ஐயா" என்று வாங்கிக்கொண்டு இறங்கி ஓடினான் அவன். அப்பா கும்பிட்டுவிட்டு எழுந்தார். 10.30-க்குத் திரும்பினோம்.

மூன்றாவது மலை இறக்கத்தில் அவருடைய வலது முழங்கால் மடங்க மறுத்தது. வழுக்குப்பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். முதல் மலைப் படிகளில் பக்கவாட்டாகத் திரும்பி, தடியை முன்னால் ஊன்றி, ஒவ்வொரு படியாக. பூண்டிக்கு வந்து சேர்ந்தபோது மாலை 4.40. ஆறு மணி நேரத்துக்கு மேல். என் கணக்கில் 5 மணி நேரம்தான் போட்டிருந்தேன்.

வெள்ளை விநாயகர் கோயிலுக்குக் கீழே நாங்கள் தத்தளித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கல்லூரிப் பையன் எங்களைத் தாண்டினான். நின்று, கைக்குட்டை முனையில் முடிந்துவைத்திருந்த திருநீற்றை அவிழ்த்து அப்பா உள்ளங்கையில் வைத்தான். "சாத்திட்டேங்க ஐயா. மேல நல்ல காத்துங்க" என்றான்.

மூங்கில் தடியைச் சிலர் பூஜையறையில் வைப்பார்கள். எங்கள் வீட்டில் அது வாசல் மூலையில், ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பா அதை எடுத்துக்கொண்டு மருதமலை கிளம்பிவிடுகிறார். படி இறங்குவதற்கு மட்டும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு பழைய டைரியில் எழுதிவைக்கிறார். கூடப் போவது அக்கா.