மாதம் என்ன வரும்?

நம் வீடுகளில் வரன் பேசும்போது முதலில் குலம் கோத்திரம் விசாரிப்பார்கள், அடுத்தபடி உத்தியோகத்தை விசாரிப்பார்கள், மூன்றாவதாகக் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, "மாதம் என்ன வரும்?" என்பார்கள். இந்த மூன்றாவது கேள்விதான் உண்மையில் முதற் கேள்வி என்பது கேட்பவருக்கும் தெரியும்; பதில் சொல்பவருக்கும் தெரியும். ஆனால், அதே கேள்வியைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை தனக்குத்தானே கேட்டுக்கொண்டால் மட்டும் பெரியவர்களுக்குப் பொறுப்பதில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பணம் ஒன்றே குறி" என்று பெருமூச்சு விடுகிறார்கள். இந்தப் பெருமூச்சு நியாயந்தானா என்று சற்று ஆராய்வோம்.

திருவள்ளூரை ஒட்டியுள்ள காக்களூரில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது; சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது; ஆவின் பால் பண்ணை இருக்கிறது. 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை திருவள்ளூர் வழியாகத்தான் செல்கிறது. விடியற்காலையில் ரயிலேறிச் சென்னைக்குப் போய் இருட்டிய பின் வீடு திரும்புகிறவர்கள் ஒரு பக்கம். ஷிப்டு முறைப்படி தொழிற்பேட்டைக்குள் போவதும் வருவதுமாக இருப்பவர்கள் மற்றொரு பக்கம். உத்தியோகம் எத்தனை விதம் என்று அறிய இவ்வூர்ப் பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. வீட்டு வாசலில் நின்றால் போதும்.

நாம் பாடம் சொல்லும் பிள்ளைகளிடம் ஒரு நாள் இரண்டு கேள்விகள் எழுதிக் கொடுத்தோம். "என்ன ஆக விரும்புகிறாய்? மாதம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய்?" முதற் கேள்விக்குக் கலெக்டர், டாக்டர், போலீஸ் அதிகாரி, மென்பொருள் என்ஜினீயர், கிரிக்கெட் ஆட்டக்காரர் என்று பதில்கள் வந்தன. யூடியூபில் சமையல் செய்து காட்டிச் சம்பாதிக்கப் போவதாக ஒரு பையன் எழுதியிருந்தான். வீட்டில் என்றாவது அடுப்பு மூட்டியதுண்டா என்று கேட்டோம். "அது அம்மாவின் டிபார்ட்மெண்டு, ஸார்!" என்றான். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலோர் எழுதிய பதில் ஒன்றே: ஒரு லட்சம். தொழிற்பேட்டையில் வேலை வேண்டும் என்று ஒருவர்கூட எழுதவில்லை. அவர்களில் பலருடைய வீட்டில் உலை கொதிப்பது அந்தத் தொழிற்பேட்டையினால்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

லட்சத்தைக் கண்டதும் நமக்கும் சிரிப்பு வந்தது. ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "ஏன் அம்மா, இந்த லட்சம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டோம். அவள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். வீட்டு வாடகை இவ்வளவு, பாட்டியின் மருந்து இவ்வளவு, தம்பியின் காலேஜ் இவ்வளவு, அப்பா வாங்கிய கடனுக்கு வட்டி இவ்வளவு, அரை கிரவுண்டு மனை வாங்கச் சேமிப்பு இவ்வளவு என்று வரிசையாக எழுதிக் கூட்டியிருந்தாள். "எழுபத்திரண்டாயிரம் வந்தது, ஸார். நான் படித்து முடிப்பதற்குள் விலைவாசி ஏறிவிடுமே என்று லட்சமாகப் போட்டேன்" என்றாள். அந்தப் பக்கத்தில் நகையும் இல்லை, சினிமாவும் இல்லை. சிரிப்பு நம் உதட்டிலேயே நின்றுவிட்டது.

இந்தக் கணக்கை உலகம் ஒப்புக்கொள்கிறதா என்றால், எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. பெரிய மென்பொருள் கம்பெனிகள் புதிய பட்டதாரிகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்க்கும்போது கொடுத்த சம்பளம், பத்தாண்டுகளுக்கு மேலாக, ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் நான்கு லட்சத்துக்கும் இடையிலேயே நின்றது. மாதக் கணக்கில் பார்த்தால் முப்பதினாயிரத்தைச் சுற்றி வரும். சர்க்கார் உத்தியோகமோ வேறு கதை. 2022-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 பரீட்சைக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். நாற்காலி ஒன்றுக்கு முந்நூறு பேர்! அந்த நாற்காலிகளில் ஒன்றான இளநிலை உதவியாளர் பதவிக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய், படிகள் தனி.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லட்சம் லட்சமாகக் கனவு காணும் பேராசைக்காரப் பிள்ளைகள், பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காக முந்நூறு பேரோடு ஏன் மல்லுக்கு நிற்கிறார்கள்? பணம் ஒன்றே குறியானால் இப்படி நடக்குமா? அவர்கள் தேடுவது தொகையை அன்று. அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் அத்தொகை தவறாமல் வரும் என்ற நிச்சயத்தையே தேடுகிறார்கள்.

தொழிற்பேட்டையின் பெயர் பிள்ளைகளின் கட்டுரைகளில் வராததற்கும் காரணம் இதுதான். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டில் ஒரு நல்ல சட்டம் இயற்றப்பட்டது. இருபத்துநான்கு மாத காலத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் நாளை எண்ணத் தொடங்கியதும், சில இடங்களில் எஜமானர்களும் நாளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். நம்மிடம் படித்து, பிறகு ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன் கான்டிராக்டர் மூலம் ஒரு தொழிற்கூடத்தில் பதினாலாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தான். இயந்திர வேலையில் கை தேர்ந்து, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தான். பதினேழாவது மாதத்தில் அவனை நிறுத்தினார்கள். சில வாரங்கள் கழித்து, வேறொரு கான்டிராக்டர் பெயரில், அதே இயந்திரத்துக்கு, அதே சம்பளத்துக்கு மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். "இரண்டு தடவை புது ஆள் ஆகிவிட்டேன், ஸார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுடைய தங்கை நம் வகுப்பில் இருக்கிறாள். அவள் என்ன எழுதியிருப்பாள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? எல்லா முதலாளிகளும் இப்படியல்லர் என்பது வாஸ்தவமே. ஆயினும் ஒரு வீட்டில் இது நடந்தால், அந்தத் தெருவிலுள்ள பிள்ளைகள் அனைவரும் பாடம் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

"கணித மேதை ராமானுஜன் சம்பளத்தையா எண்ணிக்கொண்டிருந்தார்?" என்று சிலர் உபதேசம் செய்வதுண்டு. ராமானுஜனின் சரித்திரம் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. 1910-ஆம் ஆண்டில் அவர் நெல்லூரில் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவைப் போய்ப் பார்த்தபோது வேண்டியது என்ன? கவலையின்றி ஆராய்ச்சி செய்வதற்காக, வயிற்றுப்பாட்டுக்குப் போதுமான சொற்பத் தொகையைத்தான் வேண்டினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். 1913-இல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்த பிறகே அவர் முழுநேரமும் கணிதத்தில் ஆழ முடிந்தது. நிச்சயமான ஜீவனத்தை நாடுவது மேதைக்கே இழுக்கன்று என்றால், காக்களூர்ப் பிள்ளைக்கு மட்டும் எப்படி இழுக்காகும்?

பிள்ளைகளிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. குறை ஒன்று உண்டு. உத்தியோகத்தின் பெயரும் அதற்குரிய தொகையும் அவர்களுக்குத் தெரிகின்றன. இடையிலுள்ள வேலை தெரிவதில்லை. மென்பொருள் என்ஜினீயர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார், சி.என்.சி. இயந்திரத்தில் நிற்பவர் எதை அளக்கிறார், எந்தப் பிழையைத் திருத்துகிறார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். கம்பெனியின் பெயரை நம்பி வாழ்க்கையை அமைப்பதும் சரியன்று. 1998-இல் லான்சர் கார் உருவான திருவள்ளூர் ஆலையிலிருந்துதான் 2022-இல் சித்ரோன் கார் வெளிவந்தது. வாசற்பலகை மாறிற்று, வெல்டிங்கையும் அளவுகளையும் அறிந்த கையின் தேவை மாறவில்லை.

ஆகவே, பெற்றோர்களுக்கு நாம் சொல்வது ஒன்று உண்டு. "மாதம் என்ன வரும்?" என்ற கேள்வியைக் கண்டிக்க வேண்டாம், அதனுடன் இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கப் பழக்குங்கள். அந்த மாதம் முழுவதும் என்ன வேலை செய்ய வேண்டும்? பத்தாவது வருஷத்தில் என்ன வரும்? சம்பளச் சீட்டில் கையெழுத்திடுகிறவர் யார், ஆலையா, இடையில் நிற்கும் கான்டிராக்டரா? விடுமுறை நாளில் பிள்ளையை ஒரு பட்டறைக்கும், ஓர் ஆபீசுக்கும், ஓர் ஆஸ்பத்திரிக்கும் அழைத்துச் சென்று அரை மணி நேரம் நின்று பார்க்கச் செய்வது ஆயிரம் உபதேசங்களுக்குச் சமம்.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. இளைஞர்களுக்குத் தொழில்திறன் அளிப்பதற்காக 2022-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதி 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கப்பட்டது. தொழில் பழகுநர்களுக்கென 1961-லேயே சட்டம் உண்டாயிற்று. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் அவர்களுக்குப் படிப்புக்கேற்றபடி மாதம் 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகையை நிர்ணயித்தன. பயிற்சி நல்லதுதான். ஆனால் பயிற்சி முடிந்தவன் எங்கே நிற்பான் என்பதற்கும் பதில் வேண்டுமல்லவா?

நம் தேசம் தொழிலில் உலகத்துக்கு முன்னணியில் நிற்க வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்தத் தொழிலைச் செய்ய வேண்டிய பிள்ளைகள் நம் முழக்கத்தைக் கேட்பதில்லை. அண்ணனுடைய சம்பளச் சீட்டைத்தான் பார்க்கிறார்கள். 480 நாள் உழைத்தவனுக்கு 481-ஆவது நாளும் அதே இயந்திரத்தின் முன் இடமுண்டு என்று ஆலைகள் காட்டட்டும். தொழிற்பேட்டையின் பெயரைப் பிள்ளைகள் தாமாகவே கட்டுரையில் எழுதுவார்கள். லட்சம் என்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும் சம்மதிப்பார்கள்.