புதிதாக வந்த மீன்

சென்னையின் வடமேற்குப் பகுதியில் உள்ள கொளத்தூர், வண்ண மீன்களுக்குப் பெயர் பெற்ற ஊராகும். அங்கே சிமெண்டுத் தொட்டிகள் கட்டி மீன் வளர்த்து விற்போர் பலர். காற்று நிரப்பி, வாயைக் கட்டிய பாலிதீன் பைகளுக்குள் சிவப்பும் கறுப்பும் பொன்னிறமுமாக மீன்கள் துள்ளுவதைக் கண்டால், வாங்க எண்ணாது சென்றவரும் ஒரு பையோடுதான் வீடு திரும்புவர்.

அவ்வூரை அடுத்த வில்லிவாக்கத்தில் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் வீட்டுக் கூடத்தில் 60 லிட்டர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் கறுப்பு மோலி மீன்கள் நான்கும், கப்பி மீன்கள் நான்கும், சிறிய கெளுத்தி ஒன்றும் ஓராண்டுக்கு மேலாக நலமே வாழ்ந்துவந்தன. கெளுத்தி, சிறுவனின் பாட்டனார் தம் இறுதி நாட்களில் வாங்கித் தந்தது. பகலெல்லாம் கல்லிடுக்கில் ஒளிந்திருந்து, விளக்கு அணைந்த பிறகே அது வெளியே வரும். அதனைக் காண்பதற்காகவே சிறுவன் இரவில் நெடுநேரம் விழித்திருப்பதுண்டு.

ஒரு மார்கழி மாதத்தில் அவன் கொளத்தூரிலிருந்து சிவந்த வாள்வால் மீன்கள் இரண்டு வாங்கி வந்தான். பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டான். பைக்குள் இருந்த நீரைத் தொட்டியில் ஊற்றாமல் மீன்களை மட்டும் வலையால் எடுத்து விட்டான். இவை இரண்டும் செய்யத்தக்கனவே. ஆயினும், வந்த அன்றே அவற்றைப் பழைய மீன்களோடு சேர்த்துவிட்டான். பிழை அங்கே நேர்ந்தது.

நான்காம் நாள் புதிய மீன் ஒன்றின் வாலில் வெண்ணிறப் புள்ளிகள் தோன்றின. பொடி உப்பைத் தூவியதுபோல் இருந்தன. அம்மீன் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு கல்லில் உடலை உராய்ந்தது. சிறுவன் கடைக்கு ஓடிப் பச்சை நிற மருந்து ஒன்றை வாங்கிவந்து, சொட்டுக் கணக்காக நீரில் விட்டான். மூன்றாம் நாள் காலையில் புள்ளி ஒன்றையும் காணோம்.

“பாட்டி, மீன் பிழைத்துக்கொண்டது!” என்று கூவினான். எஞ்சிய மருந்து அலமாரிக்குள் சென்றது.

நான்கு நாட்கள் கழிந்தன. இப்போது மோலி மீன்களின் கரிய உடல் முழுவதும் புள்ளிகள்! கப்பிகளும் தப்பவில்லை. மறுநாள் விடியலில் மோலி ஒன்று செத்து மிதந்தது. கெளுத்தியோ பகலிலேயே கல்லிடுக்கை விட்டு வெளியே வந்து, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. சிறுவன் அழுதுகொண்டே, கொளத்தூரில் மீன் வளர்த்து முதுமை எய்திய ஒருவரிடம் சென்றான்.

நடந்ததையெல்லாம் பொறுமையோடு கேட்டபின் முதியவர், “தம்பி, புள்ளி மறைந்த அன்று என்ன செய்தாய்?” என்று வினவினார்.

“மருந்தை நிறுத்திவிட்டேன், ஐயா.”

“அன்றுதான் அது மிகவும் தேவைப்பட்டது” என்றார் அவர்.

சிறுவனுக்கு இது விளங்கவில்லை. விளங்காதது இயல்பே, மீன் வளர்ப்போருள் பெரியவர் பலரும் இவ்விடத்தில்தான் இடறி விழுகின்றனர். வெண்புள்ளி நோய்க்குக் காரணம் ஓரணு உயிர் ஒன்று. 1876ஆம் ஆண்டில் ஃபூக்கே என்னும் அறிஞர் அதனை விவரித்து, இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் எனப் பெயரிட்டார். ‘பல பிள்ளைகளை உடைய மீன் பேன்’ என்பது அப்பெயரின் பொருள். பெயர் மிகப் பொருத்தமானதே. அவ்வுயிர் மீனின் தோலுக்கடியிலும் செவுளிலும் புகுந்து, மீனின் உடலையே உண்டு வளர்கிறது. நாம் காணும் வெண்புள்ளி அவ்வாறு கொழுத்த உயிரேயாகும். மேலே தோல் மூடியிருப்பதால் நீரில் கலந்த மருந்து அதனைத் தீண்டுவதில்லை. முற்றியதும் அது மீனை விட்டுக் கழன்று, அடியில் உள்ள மணலிலோ செடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி உறையொன்றை அமைத்துக்கொள்கிறது. உறைக்குள் பலமுறை பிளவுபட்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பெருகுகிறது. உறை கிழிந்து வெளிப்படும் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்துகின்றன. ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குள் மீன் கிடைக்காவிடில் அவை மடியும். மருந்துக்கு அவை எளிதில் இரையாவது நீந்தித் திரியும் அச்சிறு பொழுதில்தான்.

ஆகவே, புள்ளி மறைந்த நாள் நோய் தீர்ந்த நாள் அன்று. நோய் பிள்ளை பெறப் புறப்பட்ட நாள். வெப்பம் 25 டிகிரி அளவில் இருப்பின் இச்சுழற்சி முடிய ஒரு வாரம் போதும். குளிர்ந்த நீரில் பல வாரங்கள் செல்லும். மார்கழிக் குளிரில், பயணத்தால் களைத்து வந்த மீனுக்கு எதிர்ப்பாற்றலும் குறைந்திருந்தது. கடையில் புள்ளியின்றிக் காணப்படும் மீனும் தன் செவுளுக்குள் இரண்டொரு கிருமிகளைக் கொண்டிருத்தல் கூடும். எத்துணைக் கூர்ந்து நோக்கினும் வாங்குவோர் கண்ணுக்கு அவை புலப்படா. ஆதலின், விற்றவரைக் குறை கூறுவதும் எப்போதும் நேர்மையாகாது.

முதியவர் மருந்தின் மேல் மருந்து ஊற்ற வேண்டாமென்று தடுத்தார். தொட்டி நீரில் ஒரு பகுதியை மாற்றிவிட்டுக் கல் உப்பைப் பயன்படுத்தச் சொன்னார். லிட்டருக்கு 2 கிராம் வீதம் 60 லிட்டருக்கு 120 கிராம் உப்பு. அதனையும் ஒரேயடியாகக் கொட்டாமல், நீரில் கரைத்து ஒரு நாளில் மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். நீரின் வெப்பத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி 30 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும்; கிருமி தன் சுழற்சியை விரைந்து முடித்து வெளிப்படுவதற்கு அது துணை செய்யும். வெந்நீரில் உயிர்க்காற்று குறைவாகவே கரையுமாதலால் காற்றுக் குழாயை ஓயாது இயக்க வேண்டும். அடியில் தங்கிய உறைகள் வெளியேறும்படி மணலை நாள்தோறும் குழாயால் உறிஞ்சி, எடுத்த அளவுக்குப் புதுநீரை அதே அளவு உப்போடு சேர்க்க வேண்டும். குழாய் நீராயின் அதன் குளோரினைப் போக்கிய பிறகே ஊற்ற வேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் இவற்றையெல்லாம் விடாது செய்ய வேண்டும்.

பச்சை மருந்தும் பயனற்றதன்று. ஆனால் மாலகைட் பச்சை கலந்த மருந்து கைபடத் தகாதது. உணவுக்கு வளர்க்கும் மீன்களுக்கு அதனைப் பயன்படுத்தவே கூடாது. கெளுத்தி போன்ற செதிலற்ற மீன்கள் இருக்கும் தொட்டியில் அதன் அளவைப் பாதியாகக் குறைப்பது வழக்கம். வடிகட்டியில் கரித்தூள் இருந்தால் அது மருந்தை ஈர்த்துவிடும். சிறுவன் இவற்றில் ஒன்றையும் அறிந்திருக்கவில்லை.

அவன் பதினைந்து நாட்கள் உழைத்தான். மோலிகளில் இரண்டும் கப்பிகளில் மூன்றும் பிழைத்தன. கெளுத்தி மூன்றாம் நாளே இறந்தது. நோயைக் கொண்டுவந்த வாள்வால் மீன்களோ இரண்டும் நலமுற்று, முன்னினும் சிவந்து விளங்கின! ஒருமுறை நோயுற்றுத் தேறிய மீனுக்கு அந்நோயை எதிர்க்கும் ஆற்றல் ஓரளவு உண்டாகும். அவற்றுக்கு அது முன்பே வாய்த்திருத்தல் கூடும். சில நாட்கள் அவற்றுக்கு உணவிடவும் சிறுவன் மனம் ஒப்பவில்லை. பாட்டியே அவன் அறியாமல் இட்டுவந்தாள்.

கோடை வந்ததும் சிறுவன் மீண்டும் கொளத்தூருக்குச் சென்றான். இம்முறை அவன் வாங்கியது கைவிரல் நீளமுள்ள கெளுத்திக் குஞ்சு ஒன்று. அது கூடத்துத் தொட்டிக்குச் செல்லவில்லை. தாழ்வாரத்தில் அகன்ற வாளி ஒன்று நீரோடு காத்திருந்தது. அதற்கெனத் தனி வலையும் தனிக் காற்றுக் குழாயும் இருந்தன. பழைய தொட்டியின் வடிகட்டியில் ஊறிய பஞ்சில் ஒரு துண்டை முன்னரே அவ்வாளியில் இட்டிருந்தான். மீன் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நஞ்சை மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் அதில் குடியிருக்கும். வாளியைத் தொட்ட கையைக் கழுவாமல் தொட்டியில் இடுவதில்லை என்னும் முறையையும் வகுத்துக்கொண்டான்.

“இன்னும் எத்தனை நாளடா அதை வாளியிலே வைத்திருப்பாய்?” என்று பாட்டி கேட்டாள்.

“நான்கு வாரம், பாட்டி.”

சுவரில் தொங்கிய நாள்காட்டியில் அவன் நாள்தோறும் ஒரு கோடு இட்டுவந்தான். இருபத்தெட்டாம் கோடு இட்ட அன்று இரவு, கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, தொட்டியின் முன் அவன் விழித்து அமர்ந்திருந்தான். நெடுநேரத்திற்குப் பிறகு கல்லிடுக்கிலிருந்து இரண்டு மெல்லிய மீசைகள் வெளியே நீண்டன.