அயர்ந்த வேளையில் அனுப்பியவை

"கட்டுரை எங்கே?" என்று நம் சங்கத்துச் செயலாளர் வினவும்போதெல்லாம், "உடல் அயர்ந்துவிட்டது ஐயா, அடுத்த திங்கள் தருகிறோம்" என்பதே நமது விடை. மும்பையில் வாழும் அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விடியலில் டோம்பிவிலியில் மின்வண்டி ஏறி, இரவு 9 மணிக்கு வீடு திரும்பும் கைக்கு எழுதுகோலும் சுமையே.

ஆனால் கைப்பேசி சுமையாவதில்லை. எழுத இயலாத நாள்களில், இணையத்தில் கண்டவற்றைச் சங்கத்துக் குடும்பங்களுக்கு அனுப்பிவைப்பதை ஒரு தொண்டாகவே கருதி வந்தோம். நாள்தோறும் பத்துக்குக் குறையாது. அவற்றுள் நாம் முழுதும் படித்தவை இரண்டோ மூன்றோதான்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவ்வாறு அனுப்பியவற்றுள் ஒன்று, காய்ச்சலுக்குக் கஷாயம் பற்றிய குறிப்பு. யார் எழுதியது என்று நாம் பார்க்கவில்லை. நம் சங்கத்து முதியவர் ஒருவர், அதனையே மூன்று நாள் காய்ச்சிக் குடித்துக்கொண்டு, மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட்டார். நான்காம் நாள் மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் டெங்குக் காய்ச்சல் என்பது தெரிந்தது. நலமுற்றுத் திரும்பியவரைக் காணத் தலைகுனிந்து சென்றோம். அவர் சினக்கவில்லை. "அனுப்பியது நீங்கள் ஆயிற்றே தம்பி, படித்துப் பார்த்துத்தானே அனுப்பியிருப்பீர்கள் என்று நம்பிவிட்டேன்" என்றார். சினந்திருந்தால் நெஞ்சு இத்துணை சுட்டிராது.

அன்று ஒன்று தெளிந்தோம். அயர்வு, சுருக்கமாக எழுதுவதற்குக் காரணமாகலாம். படியாமல் அனுப்புவதற்குக் காரணமாகாது. அதுமுதல் வாரத்துக்கு ஒன்றே அனுப்புகிறோம். அதனை முழுதும் படிக்கிறோம். ஏன் அனுப்புகிறோம் என்று இரண்டு வரி சேர்க்கிறோம். மருத்துவக் குறிப்பு எதனையும் அனுப்புவதில்லை.

இத்திங்களும் அயர்வே. ஆதலின் கட்டுரைக்கு ஈடாக, நாம் பயன்கொண்ட மூன்றைத் தருகிறோம்.

முதலாவது, மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கியது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் கருதாது தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் வழங்கிய நூல்கள், சங்க இலக்கியம் முதல் அண்மைக்கால உரைநடை வரை, விலையின்றிக் கிடைக்கின்றன. தமிழ் நூலகம் அருகில் இல்லாத வீட்டுக்கு இதுவே நூலகம்.

இரண்டாவது, கலைக்களஞ்சியம். பெ. தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியே இன்று வீட்டிலிருந்தே படிக்கலாம். அதன் அறிவியற் செய்திகள் சில பழமைப்பட்டிருக்கலாம். எதனையும் தமிழிற் சொல்லலாம் என்னும் துணிவு பழமைப்படவில்லை.

மூன்றாவது, சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தார் அதனை இணையத்தில் தேடும் வகையில் அமைத்துள்ளனர். சொற்களுக்கு ஆங்கிலத்திலும் பொருள் உண்டு. ஆதலால் மராத்தியும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகளும் பயன்கொள்வர்.

நம் மகள் அதில் முதலில் தேடியது, நாம் நாள்தோறும் சொல்லும் 'அயர்தல்' என்னும் சொல்லையே. சோர்தல், மறத்தல் என்பவற்றோடு, விழா முதலியன நிகழ்த்துதல் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. பழந்தமிழர் விழாவும் அயர்ந்தனர், விருந்தும் அயர்ந்தனர். "அப்பா, அயர்ந்திருக்கிறேன் என்கிறீர்களே, களைப்பா, கொண்டாட்டமா?" என்று கேட்டாள்.

விடை சொல்ல எழுதுகோலை எடுத்தோம். செயலாளர் ஐயாவுக்கு இத்திங்கள் கட்டுரை கிடைத்துவிட்டது.